பஞ்சு வயிறு

சமூகப்பணி எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் எனக்குக் களப்பணிக்கு ஒதுக்கப்பட்ட இடம், சென்னையில் இருந்த ஒரு தத்துக்கொடுக்கும் நிறுவனம். அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்ததும் எனக்கு முகம் தொங்கிப்போனது. கூடப் படித்தவர்களுக்கு மத்தியச் சிறை, மனநல மருத்துவமனை, தொழிற்சங்க அலுவலகம் என்றெல்லாம் கிடைத்திருந்தது. எனக்கு மட்டும் தொட்டில்கள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. உலகத்தைப் புரட்டிப் போடும் எண்ணத்தோடு கும்பகோணத்திலிருந்து ரயிலேறி வந்தவள் நான்.

நிறுவனம் ஒரு பழைய இரண்டு மாடி வீட்டில் இருந்தது. கீழே குழந்தைகள், மேலே அலுவலகம். நுழைந்தவுடன் பால்புட்டிகளைக் கொதிக்கவைக்கும் வாசனை மூக்கில் ஏறும். அங்கே முழுநேரப் பணியிலிருந்த சமூகப்பணியாளர்தான் எனக்கு மேற்பார்வை. ஐம்பதை நெருங்கிய பெண்மணி, எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. ஒரு வாக்கியத்தில் முடிவதை இரண்டு வாக்கியமாகச் சொல்ல மாட்டார். முதல் இரண்டு மாதம் என்னை ஃபைல்களை அடுக்கவும், கீழே குழந்தைகளுக்குக் கஞ்சி ஊட்டவும் விட்டுவிட்டார். மூன்றாவது மாதம் ஒரு ஃபைலை என் பக்கம் தள்ளினார்.

"ஹோம் ஸ்டடி. பிள்ளைப்பாக்கம். நீயே போயிட்டு வா."

குழந்தை கேட்டு விண்ணப்பிப்பவர்களின் வீட்டுக்கே போய், அவர்கள் எப்படிப்பட்டவர்கள், அந்த வீட்டில் ஒரு குழந்தை நன்றாக வளருமா என்று பார்த்து எழுதுவதுதான் ஹோம் ஸ்டடி. ஃபைலில் இருந்தது ஒரு தம்பதி. கணவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நிலமும் இருந்தது. மனைவிக்கு முப்பத்து மூன்று வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். ஐந்தாறு மாதம் முன்பு சென்னைக்கு வந்து பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஃபைலின் மேலே ஒரு இன்லேண்டு கடிதம் குத்தியிருந்தது. "வருகிறவர்கள் ஊரில் யார் கேட்டாலும் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு வரவும்" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன். குடையும் ஒரு ஜோல்னாப் பையுமாகக் கிளம்பினேன். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி வேறு பஸ் மாறி, பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. டீக்கடைக்காரரிடம் வீட்டுக்கு வழி கேட்டேன்.

"டர்னர் வூடா? நீ நர்சா?" என்றார் அவர். "அந்தம்மா முழுகாம கீதே, அதப் பாக்க வந்தியா? நேராப் போ, கெணத்தாண்ட திரும்பு."

எனக்கு நடை நின்றுவிட்டது. முழுகாமல் இருக்கிறாளா? பன்னிரண்டு வருடம் கழித்துக் கர்ப்பமா? அப்படியானால் ஃபைலை மூடிவிடலாம். என் முதல் ஹோம் ஸ்டடி இவ்வளவு சந்தோஷமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. சிரித்த முகத்தோடு அந்த ஓட்டு வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஏழு மாத வயிறு. முழங்கை வரை கண்ணாடி வளையல். "வாங்க நர்சம்மா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ரொம்ப சந்தோஷங்க," என்றேன் நான். "எங்க ஆபீஸுக்கு ஒரு கார்டு போட்டிருந்தா நாங்களே ஃபைலை…"

அவள் என் கையைப் பிடித்து, தன் வயிற்றில் வைத்து அழுத்தினாள். என் விரல்கள் உள்ளே அமிழ்ந்தன. மெத்தென்று இருந்தது.

"இலவம் பஞ்சு," என்றாள். "மாசா மாசம் கொஞ்சம் சேத்துத் தெச்சுக்கினு வரேன்."

நான் உட்கார இடம் தேடினேன். அவளே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிறகு, காய்கறி விலை சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக விவரத்தைச் சொன்னாள். பக்கத்து வீடுதான் நாத்தனார் வீடு. கணவருக்கு ஒரே அக்கா, அப்பா அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு நான்கு பிள்ளைகள். ஊர் முழுக்க அவள் பேச்சுக்கு மரியாதை. நிறுவனத்தில் பதிவு செய்துவிட்டு வந்த வாரமே இவள் முதல் துணியைக் கட்டிக்கொண்டாள். போன மாதம் நாத்தனாரே முன்னின்று ஊரைக் கூட்டி வளைகாப்பும் நடத்திவிட்டாள். கணவருக்கு இதில் இஷ்டமில்லை, ஆனால் மறுத்துப் பேசவும் வாய் வரவில்லை.

"ஊரு பேர்லயே புள்ள கீது. என் வூட்ல தான் இல்ல," என்றாள். "பன்னெண்டு வருசமா ஒரு கல்யாணத்துல நான் முன்னால நின்னது கெடையாது. வயித்தக் கட்டிக்கினு போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். குங்குமத் தட்ட என் கையில குடுத்தாங்கம்மா."

வகுப்பில் இதற்கு எந்தப் பாடமும் நடத்தவில்லை.

"ஒம்போதாம் மாசம் பிரசவத்துக்கு மெட்ராஸ் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிடுவேன். நீங்க பச்சக் கொழந்தையா ஒண்ணு குடுத்துடுங்க. தூக்கிக்கினு வந்துடறேன்."

"பச்சைக் குழந்தை தர முடியாதுங்க," என்றேன். "டாக்டர் பார்க்கணும், சட்டப்படி எல்லாம் முடியணும். எவ்வளவு சின்னக் குழந்தைன்னாலும் ரெண்டு மூணு மாசம் ஆகிடும்."

அவள் யோசித்தாள். "துணியில நல்லா சுத்தினா மூணு மாசத்த ஒரு மாசம்னு சொல்லலாம்ல?"

அப்போது பின்கட்டுக் கதவு திறந்தது. கையில் கீரைக் கட்டோடு ஒரு பெண்மணி வந்து நின்றாள். உயரம், கனத்த குரல். அறிமுகம் தேவைப்படவில்லை, நாத்தனார்தான்.

"இன்னாடி, கதவச் சாத்திக்கினு கீறீங்க? நர்சம்மாவா? நல்ல நேரத்துல வந்தீங்க. இவ வயிறு எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு நாளு இந்தப் பக்கம் கீது, ஒரு நாளு அந்தப் பக்கம் கீது. நீங்க கை வெச்சுப் பாத்து சொல்லுங்க."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. என்ன செய்யப் போகிறாய் என்று வேடிக்கை பார்ப்பதுபோலத்தான் இருந்தது. என் கை தானாகப் போய் அந்தப் பஞ்சின்மேல் அமர்ந்தது. இங்கே ஒரு அழுத்து, அங்கே ஒரு அழுத்து.

"நல்லா இருக்கு," என்றேன். என் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. "தலை கீழதான் இருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல."

நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. நான் கிளம்பும்போது ஓடிப்போய்த் தன் வீட்டுக் கூரையிலிருந்து ஒரு பரங்கிக்காயைப் பறித்துவந்து என் பையில் திணித்தாள். நாலைந்து கிலோ இருக்கும். பொய் சொல்லி வாங்கிய அந்தக் காயை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ்ஸில் சென்னை திரும்பினேன்.

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. பஞ்சு, வளைகாப்பு, நான் கைவைத்துப் பார்த்தது, சொன்ன பொய் எல்லாவற்றையும் எழுதினேன். மேற்பார்வையாளர் ஆறு பக்கத்தையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பரங்கிக்காய் வரைக்கும் எழுதியிருக்க. குழந்தை கொடுக்கலாமா கூடாதான்னு எழுதலையே?"

"தள்ளி வைக்கலாம்னு தோணுது மேடம். ஊருக்கே பொய் சொல்றவங்க நாளைக்கு அந்தக் குழந்தைகிட்டயும் பொய் சொல்வாங்க. அது என்னைக்காவது யார் வாயிலயோ கேட்டுத் தெரிஞ்சுக்கும்."

"வயித்துல துணி கட்டிக்கிட்டு வர்றவங்க உனக்குத்தான் புதுசு," என்றார் அவர். "ஊருக்கு என்ன சொல்லிக்கிறாங்கன்னு நாங்க கேக்கறது இல்ல. குழந்தைக்கு வீடு கிடைக்குது. அதுக்கு மேல கேட்டா பாதிப் பேர் வரவே மாட்டாங்க."

எனக்கு அது ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்று சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படாமல் ஃபைலில் ஏதோ குறித்துக்கொண்டு, "ரெண்டு பேரையும் வரச் சொல்லி எழுது. பேசிப் பார்ப்போம்," என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். கணவர் மெலிந்த, கூச்ச சுபாவக்காரர். முதல் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஊரிலிருந்து நேராக வந்ததால் அவள் வயிறும் கூடவே வந்திருந்தது. மேற்பார்வையாளர் மேலே யாரோடோ பேசிக்கொண்டிருந்ததால் கீழே கூடத்து பெஞ்சில் உட்கார வைத்தேன்.

கூடத்தில் பாய் விரித்து ஆயா இரண்டு குழந்தைகளை விட்டிருந்தாள். அதில் ஒருத்தி எட்டு மாதப் பெண். ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவமான கையோடு விட்டுவிட்டுப் போன குழந்தை. நல்ல கறுப்பு. கீழ் ஈறில் இரண்டு பல். எது கையில் கிடைத்தாலும் கடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிவாள். வியாழக்கிழமைகளில் அவளுக்குக் கஞ்சி ஊட்டுவது என் வேலை. ஊட்டி முடிப்பதற்குள் என் தலைமுடியில் பாதிக் கஞ்சி இருக்கும். அதுவரை மூன்று தம்பதிகள் அவளைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சின்னதா, கொஞ்சம் நிறமா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

வளையல் சத்தம் கேட்டதும் அவள் தவழ்ந்து போனாள். பெஞ்சைப் பிடித்து எழுந்து நின்று, ஒரு கை நிறைய வளையலைப் பற்றி வாயில் வைத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மடியில் வைத்தாள். குழந்தை சறுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி சறுக்கியது. மடி இருந்தால்தானே? மடி இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு இருந்தது. மூன்றாவது முறை சறுக்கியபோது குழந்தை வயிற்றை ஓங்கி அடித்து, கோபமாக ஒரு சத்தம் போட்டது.

அந்தப் பெண் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "பாத்ரூம் எங்கம்மா?" என்றாள். ஆயா காட்டினாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்தபோது அவள் ஒல்லியான பெண்ணாக இருந்தாள். பஞ்சு மூட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். அதை பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்து, என் கையிலிருந்து குழந்தையை வாங்கி மடியில் இருத்தினாள். குழந்தை நன்றாகச் சாய்ந்துகொண்டு வளையலைக் கடிக்க ஆரம்பித்தது.

கணவர் பதறி எழுந்தார். "இன்னா பண்ற நீ? எப்டி ஊருக்குப் போறது?"

"உக்கார எடம் வேணும்ல இவளுக்கு," என்றாள் அவள், நிமிராமலே.

மேற்பார்வையாளர் படியிறங்கி வந்து சற்று நேரம் நின்று பார்த்தார். பிறகு, "உங்களுக்குன்னு நாங்க பார்த்து வெச்சிருக்கறது வேற குழந்தைம்மா. ஆண் குழந்தை. ரெண்டு மாசம். மேல இருக்கான்," என்றார்.

"அத வேற யாருக்குனா குடுங்கம்மா," என்றாள் அவள். "அதுக்கு ஆளு வரும். எனக்கு இவ போதும்."

"இவளுக்கு எட்டு மாசம். பல் முளைச்சிருச்சு."

"தெரியுதே. கடிச்சிக்கினு தான கீறா."

அன்று மதியம் அவர்கள் இருவரும் நானுமாக அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து பேசினோம். எட்டு மாதக் குழந்தையை ஊரில் பெற்றதாகச் சொல்ல முடியாது. கணவர் ஒரு வழி சொன்னார். அம்பத்தூரிலேயே வாடகைக்கு வீடு பிடித்துவிடலாம், கொஞ்சம் ஓ.டி. செய்தால் சமாளித்துவிடலாம், ஊர்ப் பக்கம் போகவே வேண்டாம் என்றார். நல்ல மனிதர். சண்டை வேண்டாம் என்பதற்காகச் சொந்த ஊரையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

"ஊர வுட்டு ஓடணுமா?" என்றாள் மனைவி. "இவ இன்னா திருட்டுச் சாமானா? நான் சொல்லிட்டு வளக்கறேன்."

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அப்போ இன்னைக்கே துணி கட்டாம ஊருக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவள் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வெறுங்கையோட வயித்த அவுத்துக்கினு போனா, கொழந்த செத்துப் போச்சுன்னு ஊரே கூடி அழும். கையில இவ வந்தப்புறம் தான் அவுப்பேன்."

அப்படியே பஞ்சை மறுபடி கட்டிக்கொண்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போனாள். போகுமுன் குழந்தையை ஆயாவிடம் கொடுத்தபோது, அது அவள் வளையல் ஒன்றை உடைத்து வைத்திருந்தது.

எந்தக் குழந்தையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய நிறுவனத்தில் மூன்று பேர் கொண்ட ஒரு குழு இருந்தது. மாதம் ஒருமுறை கூடும். மாணவர்கள் உள்ளே போவது வழக்கமில்லை. என் அறிக்கையை நான் முழுக்க மாற்றி எழுதி, 'கொடுக்கலாம்' என்று முடித்திருந்ததால், "நீயே வந்து சொல்லு," என்று மேற்பார்வையாளர் கூட்டிப்போனார். கிராமத்து வீடு, தொழிலாளிக் குடும்பம் என்பதையெல்லாம் குழுவில் இருந்த டாக்டர் பொருட்படுத்தவில்லை. அந்தப் பஞ்சுதான் அவருக்கு உறுத்தியது.

"வளைகாப்பு வரைக்கும் போன நாடகம்மா இது. நாளைக்கு ஊர் ஒரு வார்த்தை சொன்னா, குழந்தையைத் திரும்பக் கொண்டு வந்து விட்டுட மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?"

"சார், இதுவரைக்கும் மூணு பேர் அந்தக் குழந்தையைப் பார்த்தாங்க. மூணு பேரும் தங்களுக்கு ஏத்த மாதிரி குழந்தை கேட்டாங்க. இவங்க மட்டும்தான் குழந்தைக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்கிட்டாங்க. கூடத்துல, எங்க எல்லார் முன்னாடியும். நான் பார்த்தேன்."

"ஊருக்குச் சொல்லிடுவாங்கன்னு நீ பொறுப்பு ஏத்துப்பியா?" என்றார் குழுவின் தலைவியான அம்மாள்.

"குழந்தையோட நானும் ஊர் வரைக்கும் போறேன் மேடம்."

மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. குழு கையெழுத்துப் போட்டது. கோர்ட் உத்தரவு வரும்வரை வளர்ப்புப் பொறுப்பில் கொடுப்பது என்று முடிவானது.

காகித வேலைகள் முடிய ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை பிள்ளைப்பாக்கத்தில் அந்த வயிறு எட்டாம் மாதத்தையும் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது. நாள் குறிக்க நான் எழுதியபோது அவளிடமிருந்து பதில் வந்தது: 'வர செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ரேஷனில் சர்க்கரை போடுகிறார்கள். பஸ் ஸ்டாப்பாண்டதான் கடை. ஊரே வரிசையில் நிற்கும். வீடு வீடாகப் போய்ச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.'

மார்கழி மாதம். காலையில் நிறுவனத்துக்கு வந்ததும் அவள் பஞ்சை அவிழ்த்து ஆயாவிடம் கொடுத்தாள். ஆயா அன்றைக்கே அதைப் பிரித்து இரண்டு தொட்டில்களுக்கு மெத்தை தைத்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பஸ்ஸில் குழந்தை ஜன்னல் கம்பியைக் கடித்தபடி வந்தது. கணவர் சட்டைப் பையிலிருந்த காகிதங்களை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நிறுத்தத்தில் இறங்கினோம். அவள் எழுதியிருந்தது சரிதான். ரேஷன் கடையிலிருந்து டீக்கடையைத் தாண்டி நீண்டிருந்தது வரிசை. நடுவில், பையும் கார்டுமாக, நாத்தனார்.

முதலில் பேச்சு அடங்கியது. பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. எல்லாக் கண்ணும் தட்டையான வயிற்றுக்குப் போய், அங்கிருந்து இடுப்பிலிருந்த குழந்தைக்கு ஏறியது.

நாத்தனார் வரிசையை விட்டு வெளியே வந்தாள். "இன்னாடி இது?"

"என் பொண்ணு, அண்ணி."

"பொறந்துடுச்சா? எப்ப? இம்மாம் பெருசாவா?"

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் நன்றாக ஏற்றிக்கொண்டாள். எல்லோருக்கும் கேட்கும்படித்தான் பேசினாள்.

"நான் பெக்கல அண்ணி. மெட்ராஸ்ல குடுக்கறாங்க, சட்டப்படி. நானும் அவுரும் போய் எழுதிக் குடுத்து இட்டுக்கினு வந்தோம். ஒம்போது மாசம் தாண்டி பத்து நடக்குது."

"அப்ப வயிறு?"

"பஞ்சு."

நாத்தனார் மெல்ல என் பக்கம் திரும்பினாள். "நர்சம்மா! நீ கை வெச்சுப் பாத்தியே! தலை கீழ கீதுன்னு சொன்னியே!"

இந்த நிமிடம் வரும் என்று ஆறு வாரமாக எனக்குத் தெரியும். "நான் நர்ஸ் இல்லைங்க," என்றேன். "குழந்தை கொடுக்கற இடத்துல வேலை பழகறவ. அன்னைக்கு உங்ககிட்ட பொய்தான் சொன்னேன். தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க."

அவள் என்னை விட்டுவிட்டுத் தம்பி மனைவியிடமே திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. கோபமா அவமானமா, பிரித்துச் சொல்ல முடியாது. "ஊரக் கூட்டி வளையல் போட்டேனேடி! ஒவ்வொரு வளையலா என் கையால போட்டேனே! யாருக்குப் போட்டேன்? பஞ்சுக்கா?"

"இவளுக்குத் தான் போட்டீங்க அண்ணி," என்றாள் அவள். "அன்னிக்கி இவ என் வயித்துல இல்ல. மெட்ராஸ்ல இருந்தா. அவ்ளோ தான்."

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு ஆள், "அதெல்லாம் சரி. எந்த ஜாதிப் புள்ளையோ?" என்று இழுத்தான்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை வாயே திறக்காத கணவர். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து உயர்த்திப் பிடித்திருந்தார்.

"என் பொண்ணு. என் ஜாதி. இதுல கீது பாரு, அப்பான்னு என் பேரு தான். வேற எதுனா கேக்கணுமா?"

அந்த ஆள் டீயைக் குடிக்க ஆரம்பித்தான். நாத்தனார் விடுவிடுவென்று தெருவுக்குள் நடந்துவிட்டாள், சர்க்கரையும் வாங்காமல். நாங்கள் மூவரும் வெயிலில் நின்றோம். வரிசையில் யாரும் அசையவில்லை. இனி எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொள்வார்கள் என்று நினைத்து நான் மனதுக்குள் ஆறுதல் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

வரிசையின் முன்பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"இன்னாத்துக்கு வெயில்ல நிக்கற? கைக்கொழந்தைக்காரி தான நீ? முன்னால வா. ஏய், வழி வுடுங்கடி, கொழந்த வெச்சிக்கினு கீதில்ல!"

அந்த ஊர் ரேஷன் கடையில் அது வழக்கம். கைக்குழந்தை வைத்திருப்பவளுக்கு வரிசை கிடையாது. பன்னிரண்டு வருடமாக மற்றவர்களுக்கு வழிவிட்டு விலகி நின்றவள் அவள். இப்போது வரிசை இரண்டாகப் பிரிந்தது. அவள் ஒரு கணம் திகைத்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். போகப் போக ஒருத்தி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள், ஒருத்தி பல்லை எண்ணினாள், "கறுப்பா இருந்தாலும் களையா கீது" என்றாள் இன்னொருத்தி. எடைபோடுகிறவர் முன்னால் போய் நின்றபோதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, கார்டும் பையும் எடுத்து வரவில்லை என்று. கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். பத்து நிமிடம் கடையே காத்திருந்தது. எடைபோடுகிறவர் குழந்தைக்கு ஒரு விரல் சர்க்கரை கொடுத்தார். அது சர்க்கரையை விட்டுவிட்டு விரலைக் கடித்தது.

நான் திரும்பும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்து, குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதப் போனேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாத்தனார் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி பொய்க்காரி," என்றாள். "இவ அம்மாளுக்கு அரைஞாண் கட்டக்கூடத் தெரியல. நான் தான் கட்டினேன். எழுதிக்கோ." எப்படிச் சமாதானமானார்கள் என்று கேட்டதற்கு அந்தப் பெண் தோளைக் குலுக்கினாள். ஒரு வாரம் பக்கத்து வீட்டிலிருந்து சத்தமே இல்லையாம். எட்டாம் நாள் குழந்தை தானாகவே அங்கே தவழ்ந்து போய் அடுப்பங்கரைச் சாமான்களை எல்லாம் தூக்கி எறிந்ததாம். அதை அதட்டப் போய்ப் பேச்சு ஆரம்பித்ததாம்.

கோர்ட் உத்தரவு மாசியில் வந்தது. அதே மாதம் கல்லூரியில் என் வாய்மொழித் தேர்வும் நடந்தது. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் என் களப்பணி நோட்டைப் புரட்டிவிட்டு, "கடைசியில் நீ என்னதான் செய்தாய்?" என்று கேட்டார். "பெரும்பாலும் கூட நின்னேன் சார்," என்றேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். சிறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனவர்கள் எல்லாம் எனக்குப் பிறகுதான்.

பங்குனியில், என் களப்பணி முடிய மூன்று நாள் இருந்தபோது, கீழே கூடத்தில் பழகிய குரல் கேட்டது. இறங்கிப் போனேன். அவள்தான். இடுப்பில் மகள், தலையில் நாலு முடிக்கு ரிப்பன். கூட, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி கூனிக் குறுகி நின்ற இன்னொரு பெண்.

"இதுக்கு ஊரு மண்ணூரு. எங்க வூட்டுக்காரரு கூட வேல செய்யறவரு சம்சாரம்," என்றாள். "கல்யாணமாயி ஒம்போது வருசம். மேல ஏறிப் பேச பயப்படுது. நான் தான், இன்னாத்துக்கு பயம், வா, நான் கூட வரேன்னு இட்டுக்கினு வந்தேன். நீங்களே எழுதிக்கோங்கம்மா."

மேற்பார்வையாளரிடம் போய், இன்னும் மூன்று நாள்தானே இருக்கிறது, இந்த ஃபைலை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அவர் புது ஃபைல் அட்டை ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். "பரீட்சை முடிஞ்சதும் இங்கேயே வேலைக்கு வந்துடு. குழுவுல பேசிட்டேன்," என்றார். வழக்கம்போல அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

நான் கீழே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மண்ணூருக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.